அழகுபாண்டியின் மூன்று வாக்கியங்கள்

ஒத்தக்கடை அரும்பு மெடிக்கல்ஸில் இருபது வருடங்களுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கும் அழகுபாண்டி, கடைக்குள் இருக்கும்போது மொத்தம் மூன்று வாக்கியங்கள்தான் பேசுவார். முதலாவது, "சாப்பாட்டுக்கு முன்னாடி." இரண்டாவது, "சாப்பாட்டுக்குப் பின்னாடி." மூன்றாவது சற்றே நீளமானது, கேட்ட மாத்திரை கையிருப்பில் இல்லாதபோது மட்டும் வெளியே எடுக்கப்படுவது: "அதே மருந்துதான், கம்பெனி வேற."

இந்த மூன்றை வைத்துக்கொண்டு அவர் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு, மூட்டுவலி என்று சகல நோய்களையும் எதிர்கொண்டார். பெரிய பெரிய டாக்டர்கள் அரைமணி நேரம் பேசியும் புரியவைக்க முடியாததை, அழகுபாண்டி அரை விநாடியில் புரியவைக்காமல் விட்டார். வித்தியாசம் என்னவென்றால், இவரிடம் காத்திருக்க வேண்டியதில்லை.

கடையின் புகழே அதுதான். எதிரே பஸ் நிற்கும். மேலூர் போகிறவர்கள் இறங்கி, சாலையைக் கடந்து, காலி அட்டையை நீட்டுவார்கள். டாக்டர் சீட்டு என்பது முதல் தடவைக்கு மட்டும்தான்; அதற்குப் பிறகு எல்லாருக்கும் தீர்ந்துபோன மாத்திரை அட்டையே சீட்டு. அழகுபாண்டி அட்டையை வாங்கி, பின்பக்கத் தட்டிலிருந்து புதிய அட்டையை உருவி, அதன் முதுகில் பேனாவால் ஒரு கோடு இழுப்பார். ஒரு கோடு என்றால் காலை. இரண்டு கோடு என்றால் காலையும் இரவும். பிறகு காகித உறைக்குள் போட்டு, மூன்று வாக்கியங்களில் உரியதைச் சொல்லி, கொடுத்துவிடுவார். வந்தவர் அதே பஸ்ஸில் அதே சீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். "அழகுபாண்டி அண்ணன் கடையில நின்னோம்கிற பேச்சே கிடையாது" என்று ஊரில் சொல்வார்கள். ஒரு மருந்துக்கடைக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேறென்ன வேண்டும்?

உண்மையில் ஒரு நற்சான்று வேண்டும்தான், சட்டப்படி. அதுவும் கடையில் இருந்தது. கல்லாவுக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், சரண்யாதேவி என்ற மருந்தாளுநரின் சான்றிதழ் புகைப்படத்தோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. படித்தவர் அவர்தான். மருந்து கொடுப்பவர் அழகுபாண்டி. சரண்யாதேவி வில்லாபுரத்தில் குடியிருந்தார். அவருடைய சான்றிதழ் மட்டும் தினமும் தவறாமல் வேலைக்கு வந்தது. தினசரி ஊதுபத்தி காட்டும்போது முருகனுக்குக் காட்டிவிட்டு முதலாளி இங்கேயும் ஒரு சுற்று காட்டுவார். ஓர் ஆயுத பூஜைக்கு மிஞ்சிய மல்லிகைச் சரத்தைச் சான்றிதழுக்கும் சாத்திவிட்டார்கள். அன்றைக்கு மருந்து வாங்க வந்த ஓர் அம்மா படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டி, "சின்ன வயசா இருக்கே, எப்பத் தவறுச்சு?" என்று கேட்டார். அழகுபாண்டி, "சாப்பாட்டுக்குப் பின்னாடி" என்று சொல்லி உறையை நீட்டினார்.

இவ்வளவு சிக்கனமான மனிதர் பிறவியிலேயே ஊமையோ என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். சாயங்காலம் முதலாளி வந்து கல்லாவில் உட்கார்ந்ததும் அழகுபாண்டிக்கு ஓய்வு. சாலையின் மறுபக்கம் சோணைமுத்துவின் குட்டியானை வண்டி நிற்கும். அந்தச் சின்னச் சரக்கு வண்டியின் பின்பலகையை இறக்கிவிட்டால் இரண்டு பேர் காலைத் தொங்கப்போட்டு உட்கார இடம் கிடைக்கும். அங்கே ஏறி உட்கார்ந்து, யானைமலையைப் பார்த்தபடி கையில் ஒரு டீ கிளாஸைப் பிடித்தார் என்றால், கடைக்குள் சேமித்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் மடை திறந்து வரும்.

நிலாவுக்கு விட்ட ராக்கெட் கடைசி நேரத்தில் எப்படி வேகம் குறைத்திருக்க வேண்டும் என்று சொல்வார். நான்குவழிச் சாலையை எந்த இடத்தில் வளைத்தது தப்பு என்று சொல்வார். குறிப்பாக மாடு வளர்ப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, தண்ணீர் காட்டுவதற்கு முன்பா பின்பா, முன்பு என்றால் எத்தனை நேரம் முன்பு, தீனி எடுக்காத நாளில் எதை நிறுத்த வேண்டும், என்ன அறிகுறி தெரிந்தால் பயப்பட வேண்டும் என்று ஒவ்வொன்றாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் விளக்குவார்.

"ஒன்ட்டதான் மாடே இல்லையேடா" என்பார் சோணைமுத்து.

"நாளைக்கே ஒனக்கு ஒரு மாடு அமைஞ்சா? வெவரந் தெரியாம கொன்னுபுடக் கூடாதுல்ல மாப்ள."

சோணைமுத்துவும் அழகுபாண்டியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சோணைமுத்துவின் அப்பா கடைசிவரை அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டும் நெல் மூட்டையும் சுமந்தவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சுமையைத் தலையிலிருந்து சக்கரத்துக்கு இறக்கியவர் சோணைமுத்துதான். வண்டியின் நெற்றியில் குலசாமி பேரில் 'சோணை துணை' என்றும், முதுகில் 'முத்துமீனா' என்று மனைவியின் பெயரும் எழுதியிருந்தது. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பறித்த மல்லிகையைப் பொழுது விடிவதற்குள் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் சேர்ப்பது அவர் தொழில். பூ வாடினால் பணமும் வாடும் என்பதால், பூக்காரர்கள் வண்டிக்காரனின் சொல்லை மட்டும்தான் நம்புவார்கள். சோணைமுத்துவின் சொல் அத்தனை பேரிடமும் செல்லுபடியானது. அவர் குடிப்பதில்லை என்பதை அவர்கள் ஒரு தகுதிச் சான்றிதழ் மாதிரி வெளியூரிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சோணைமுத்துவுக்குச் சர்க்கரை வந்தது. வரக்கூடாதவருக்கு வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஒத்தக்கடையில் அந்த வயதில் அது வராதவரைத்தான் ஊர் கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கும். டாக்டர் காலைக்கு ஒரு மாத்திரை எழுதினார். சோணைமுத்து சீட்டை நண்பனிடம் கொண்டுவந்தார். அப்போது கடையில் நாலு பேர் நின்றார்கள். அழகுபாண்டி அட்டையை உருவினார், முதுகில் ஒரு கோடு இழுத்தார், "சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றார். வேற்றாளுக்குச் சொல்கிற அதே குரலில். தொழிலில் உறவுமுறை பார்க்காத நேர்மை என்று இதைப் பாராட்டலாம்.

சோணைமுத்துவும் சொன்ன சொல் தவறாமல் சாப்பாட்டுக்கு முன்னாடியே போட்டார். விடியுமுன்னே எழுந்து, கடுங்காப்பியோடு மாத்திரையை விழுங்கி, வண்டியை எடுத்தால், பூவை ஏற்றி, இறக்கி, கணக்குப் பார்த்து, திரும்பி வந்து இட்லியில் கைவைக்க வெயில் ஏறிவிடும். அதுவும் முன்னாடிதானே? எவ்வளவு முன்னாடி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்டால் கோபிப்பார். கடையில் கேட்டால் பின்னால் நிற்கிறவர்கள் கோபிப்பார்கள். வண்டிப் பலகையில் கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே மாடு, ராக்கெட் என்று பேச வேண்டியது நிறைய இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் சரண்யாதேவி நிஜமாகவே கடைக்கு வந்தார். அதிகாரிகள் சோதனைக்கு வரப்போவதாகத் தகவல் வந்ததும் முதலாளி போன் போட்டு வரவழைத்திருந்தார். அம்மணி வெள்ளைக் கோட்டுப் போட்டு, தன் புகைப்படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தார். அதிகாரிகள் வரத் தாமதம். சும்மா இருக்க மாட்டாமல், சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒரு பெரியவரிடம் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, இந்த மாத்திரை போட்டா அரைமணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுரணும். சாப்பிட முடியாதுன்னா மாத்திரையும் வேண்டாம். வெறும் வயித்தோட இருந்தீங்கன்னா சர்க்கரை ரொம்ப எறங்கிரும். கை நடுங்கும், குப்புனு வேர்க்கும், கண்ணு இருட்டும். அப்புடி வந்தா உடனே ரெண்டு ஸ்பூன் சீனி கரைச்சுக் குடிக்கணும். வெளிய கிளம்புனா சட்டைப் பையில நாலு மிட்டாய் வச்சுக்கங்க."

"சர்க்கர வியாதிக்காரனுக்கு மிட்டாயா? நல்லா வெளாடுற தாயி" என்றார் பெரியவர், ஆனால் நகரவில்லை. மேலும் நாலு கேள்வி கேட்டார். அம்மணியும் நாலுக்கும் பதில் சொன்னார். பின்னால் வரிசை நீண்டது. பஸ் ஹாரன் அடித்தது. "ஏம்மா, இங்கன என்ன பாடமா நடக்குது?" என்று ஒரு குரல் வந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்கே போய்விட்டார். முதலாளி கைகூப்பி, "தாயி, நீங்க உள்ள வந்து காப்பி சாப்பிடுங்க" என்று அவரை உள்ளறைக்கு அழைத்துப்போனார். அதிகாரிகள் வந்து போனதும் அவரும் போனார். சான்றிதழ் மட்டும் பழையபடி பொறுப்பேற்றுக்கொண்டது.

அன்று சாயங்காலம் வண்டிப் பலகையில் அழகுபாண்டி அந்தக் காட்சியை நடித்துக் காட்டினார். துண்டைக் கோட்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, குரலை மெலிதாக்கி, "ஐயா, இந்த மாத்திரை போட்டா" என்று ஆரம்பித்து, "கை நடுங்கும், குப்புனு வேர்க்கும்" வழியாக, "சட்டைப் பையில நாலு மிட்டாய் வச்சுக்கங்க" வரை ஒப்பித்தார். பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த வெள்ளைத்துரையும் வந்து நின்று சிரித்தார். சோணைமுத்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எனக்குங்கூட இப்பல்லாம் மார்க்கெட்டுல பூவ எறக்கையில கை வெடவெடங்குது மாப்ள. சட்டையெல்லாம் நனைஞ்சுபோகுது" என்றார்.

"ஒனக்கு வயசாயிருச்சுடா" என்றார் அழகுபாண்டி. "மிட்டாய் வாங்கித் தரட்டா? குச்சி மிட்டாயா, தேன் மிட்டாயா?"

மறுபடி மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அழகுபாண்டி இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. எவ்வளவு நல்ல நடிப்பு! அம்மணி சொன்னதில் ஒரு வார்த்தைகூட விடாமல், வரிசை மாறாமல், கேட்க வேண்டிய ஆளிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் நடிப்பில் சொன்னது அவருமில்லை, சிரிப்பில் கேட்டது சோணைமுத்துவுமில்லை.

சில மாதம் கழித்து அந்த மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தது. சோணைமுத்து அட்டையோடு வந்து நின்றபோது அழகுபாண்டி வேறொரு பெட்டியைத் திறந்து ரோஸ் நிற அட்டையை எடுத்தார். ஒரு கோடு இழுத்தார். "அதே மருந்துதான், கம்பெனி வேற" என்றார். சோணைமுத்து தலையாட்டினார். இருபது வருடமாக ஒரு கடையிலிருந்து வரும் சத்தம், சுவர்க்கடிகாரத்தின் சத்தம் மாதிரி. காதில் விழும், கேட்காது. உறையை வீட்டில் முத்துமீனாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

அந்த வீட்டில் மாத்திரை இலாகா முத்துமீனாவுடையது. மறுநாள் விடியுமுன் பார்த்தால், டப்பாவில் இன்னொரு பழைய வெள்ளை அட்டையில் பாதி மாத்திரை மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒரு ரோஸ் அட்டை. இரண்டின் நிறமும் வேறு, மேலே எழுதியிருக்கும் பெயரும் வேறு. இரண்டின் முதுகிலும் ஒரே மாதிரி ஒரு கோடு. அழகுபாண்டி அண்ணன் கோடு போட்டால் காலை என்று அர்த்தம். அதில் இதுவரை பிசகு வந்ததில்லை. டாக்டர் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார் போல என்று முத்துமீனா நினைத்தார். இரண்டையும் பிதுக்கிக் கடுங்காப்பியோடு புருஷன் கையில் கொடுத்தார். பொண்டாட்டி கொடுத்தால் கேள்வி கேட்காமல் விழுங்குகிற ஆள் சோணைமுத்து. இரண்டு மூன்று நாள் இப்படி நடந்தது.

பிறகு ஒரு நாள், பூவை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், மேலூர் ரோட்டில் வண்டி நடுத்தடுப்பின் மேல் ஏறி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. நல்லவேளை என்பதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் ஓடிவந்தவர்கள் பார்த்தது என்ன? டிரைவர் சீட்டில் சட்டை நனைய வேர்த்து, கண் செருகி, நாக்கு குழறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் உளறிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். அவரைக் கையைப் பிடித்து இறக்கினால் நிற்க முடியாமல் சரிகிறார். பொதுமக்களுக்கு இந்த அறிகுறிகள் ஒரே ஒரு வியாதியைத்தான் சொல்லும்.

"காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துருக்கான் பாரு."

ஒருவர் வாயை மோந்து பார்த்து, வாடை வரவில்லை என்றார். "இப்பல்லாம் வாடை வராத சரக்கு இருக்குண்ணே" என்று இன்னொருவர் விஞ்ஞான விளக்கம் தந்தார். ஒரு புண்ணியவான் கன்னத்தில் இரண்டு தட்டு தட்டினார். இன்னொரு புண்ணியவான் செல்போனில் படம் பிடித்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தப் படம் ஒத்தக்கடை வந்து சேர்ந்துவிட்டது. வண்டியின் முதுகில் முத்துமீனா என்று எழுதியிருந்தது அதில் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை தரைதட்டிக் கிடந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் சோணைமுத்து எழுந்து உட்கார்ந்து, "வண்டி எங்க?" என்றார். டாக்டர் முத்துமீனா கொண்டுவந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாம்மா. யாரு ரெண்டையும் போடச் சொன்னா?" என்று கேட்டார்.

"யாருஞ் சொல்லல சார்" என்றார் சோணைமுத்து முந்திக்கொண்டு. "நாந்தேன் வெவரமில்லாமப் போட்டுக்கிட்டேன்."

அதில் முதல் பாதி முழு உண்மை. யாரும்தான் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் முத்துமீனா கடைக்கு வந்தார். நல்ல கூட்டம், முதலாளியும் கல்லாவில் இருந்தார். முத்துமீனா இரண்டு அட்டைகளையும் கண்ணாடி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அண்ணே, இது ரெண்டும் ஒண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

அழகுபாண்டி அட்டைகளைப் பார்த்தார். இரண்டின் முதுகிலும் தன் கையால் இழுத்த கோட்டைப் பார்த்தார். அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் கடைக்குள் அவருக்கு மூன்று வாக்கியம்தானே பழக்கம்?

"அதே மருந்துதான்" என்றார். "கம்பெனி வேற."

முத்துமீனா தலையாட்டிவிட்டு இரண்டு அட்டைகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனார். சத்தம் போட்டிருந்தால்கூட அழகுபாண்டிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சோணைமுத்துவின் உடம்பு இரண்டே நாளில் சரியானது. பெயர் சரியாகவில்லை. அந்தப் படம் பூ மார்க்கெட்டில் ஒவ்வொரு கைக்கும் போய்வந்தது. பூக்காரர்கள் சண்டையெல்லாம் போடவில்லை; பூவை வேறு வண்டியில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். "சுகரு எறங்கிருச்சுண்ணே" என்று சோணைமுத்து ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். மாட்டிக்கொண்டவன் சொல்கிற காரணத்தை யார் நம்புவார்கள்? "ஆமாமா, எல்லாருக்கும் சுகருதேன்" என்று அவர்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். அதைச் சொல்ல வேறொரு வாய் தேவைப்பட்டது. மருந்து தெரிந்த வாய். ஊர் நம்புகிற வாய். அப்படி ஒன்று இருக்கவும் இருந்தது.

ஒரு சாயங்காலம் பஞ்சர் கடை வாசலில் வெள்ளைத்துரை அந்தப் படத்தை நாலைந்து பேருக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "கழுத்தத் தொங்கப்போட்டு எப்புடி இருக்கியான் பாருங்கப்பா! நம்மகிட்டயெல்லாம் உத்தமன் வேசம். நீயே சொல்லு மாப்ள, ஒன் சேக்காளிதானே, எம்புட்டு நாளா இந்தப் பழக்கம்?"

கேள்வி நேராக அழகுபாண்டிக்குத்தான் வந்தது. கூட்டம் அவர் வாயைப் பார்த்தது. கடைக்கு வெளியே, சாயங்காலத்தில், கேட்க ஆள் கூடியிருக்க, அழகுபாண்டிக்கு வார்த்தை வராத சந்தர்ப்பம் அதுவரை சரித்திரத்தில் இல்லை. "அவன் குடிக்கல, நான் குடுத்த மாத்திரை" என்று ஆரம்பித்தால் போதும். ஆனால் ஆரம்பித்தால், "நீ சொல்லலையா?" என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். சொல்லாதவருக்குக் கடை இருக்குமா, கடை போனால் இந்த வயதில் எங்கே போய் நிற்பது என்று அவர் மனம் வெகுவேகமாகக் கணக்குப் போட்டது. இருபது வருடம் வேகமாக வேலை பார்த்த மனம் அல்லவா?

"எனக்குத் தெரியலப்பா" என்றார். அது நான்காவது வாக்கியம்.

அப்போது சற்றுத் தள்ளி, வழக்கமான இடத்தில் குட்டியானை நின்றுகொண்டுதான் இருந்தது. பின்பலகை தூக்கி மாட்டியிருந்தது. உள்ளே சோணைமுத்து இருந்தாரா, இருந்தால் அவர் காதில் இது விழுந்ததா என்பது அழகுபாண்டிக்கு இன்றுவரை தெரியாது.

பூ இல்லாத பூ வண்டிக்குத் தவணை யார் கட்டுவது? சில மாதங்களில் வண்டி கைமாறியது. வாங்கியவர் 'முத்துமீனா'வை அழித்துவிட்டுத் தன் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டார். சோணைமுத்துவும் முத்துமீனாவும் வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் சத்யப்ரியாவிடம் போய்விட்டார்கள். போகும்போது சோணைமுத்து கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றார். அழகுபாண்டியைப் பார்த்துக் கையை உயர்த்தி, "வாரேன் மாப்ள" என்றார். கடையில் கூட்டமாக இருந்ததால் அழகுபாண்டி தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகுதான் அழகுபாண்டி கடைக்குள் பேச ஆரம்பித்தார். சர்க்கரை மாத்திரை கேட்டு யார் வந்தாலும், "எப்பச் சாப்புடுவீங்க? வேலைக்கு எத்தன மணிக்குக் கெளம்புவீங்க? வீட்டுல பழைய அட்டை மிச்சம் இருக்கா? கை நடுக்கம் வருதா?" என்று வரிசையாகக் கேட்டார். மாத்திரைப் பெயர் மாறினால் பழைய அட்டையை எடுத்துவரச் சொல்லி இரண்டையும் ஒரே ரப்பர் பேண்டில் கட்டிக் கொடுத்தார். சனங்களுக்கு இது பிடிக்கவில்லை. "அண்ணனுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்றார்கள். "மாத்திரையக் குடுய்யா, பஸ்ஸு போயிரும்" என்றார்கள். பஸ்ஸும் போனது. முதலாளி ஒரு நாள் கூப்பிட்டு, "ஒரு நாள் வந்த புள்ளயவே காப்பி குடுத்து உள்ள உக்கார வச்சேன். ஒனக்குத் தினமும் காப்பி குடுக்க என்னால ஆகாது அழகு" என்று தன்மையாகச் சொன்னார். அன்றிலிருந்து அழகுபாண்டி கேள்விகளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அது பழைய அளவைவிட நிச்சயமாக அதிகம். தேவையைவிட நிச்சயமாகக் குறைவு.

போன தை மாதம் அவர் விடுப்புப் போட்டுவிட்டு வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறினார். பையில் சோணைமுத்துவின் மாத்திரை, பழைய கம்பெனி. சத்யப்ரியா வீட்டில், "அப்பா மண்டபத்துல இருப்பாரு சித்தப்பா" என்றாள். திண்டுக்கல் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், வருகிற கார்களையும் வண்டிகளையும் ஒழுங்காக நிறுத்தச் சொல்லும் வேலையில் சோணைமுத்து இருந்தார். கையில் விசில். வண்டி ஓட்ட லாயக்கில்லாதவர் என்று ஒத்தக்கடை ஒதுக்கியவர் கைகாட்டிய பக்கம் மற்ற ஊர்க்காரர்கள் எல்லாரும் வண்டியைத் திருப்பினார்கள்.

"இதுக்காடா இம்புட்டுத் தூரம் வந்த? இங்கனயே மருந்துக்கடை இருக்கே" என்று சொல்லி சோணைமுத்து சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். மஞ்சள் நிறம். அட்டையோடு இரண்டு தேன் மிட்டாயும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்ன சொல்லிக் குடுத்தாய்ங்க?"

"என்னத்தச் சொன்னாய்ங்க. அதே மருந்துதான், கம்பெனி வேறன்னாய்ங்க."

இருவரும் சிரிக்கவில்லை. அழகுபாண்டி அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தைக் கடைசிவரை படித்தார். அதே மருந்துதான். பிறகு மண்டபத்து வாசலில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் சொல்ல ஆரம்பித்தார். இதை எப்போது போடுவது, போட்டு எவ்வளவு நேரத்தில் சாப்பிடுவது, பந்தி தாமதமானால் என்ன செய்வது, எந்த அறிகுறியை வயசு என்று நினைத்துவிடக் கூடாது, பழைய அட்டை மிஞ்சினால் எங்கே வைப்பது. காளைக்குப் பருத்திக்கொட்டை வைக்கச் சொல்லிக்கொடுத்த அதே நுணுக்கத்தோடு, ஒன்றுவிடாமல் சொன்னார். சோணைமுத்து பழையபடி கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். சொல்லி முடித்ததும் அழகுபாண்டி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"அன்னைக்கு வெள்ளத்துரை கேக்கையில நான் சொல்லிருக்கணும்டா" என்றார்.

ஒரு கார் வாசலில் திரும்பியது. சோணைமுத்து எழுந்து போய், விசில் ஊதி, அதைச் சுவரோரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

"இம்புட்டு நல்லாப் பேசுறியே மாப்ள" என்றார். "இத ஒத்தக்கடையிலயே பேசிருக்கலாம்ல."

அவர் குரலில் கோபம் இல்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாகப் பந்திக்கு இழுத்துப் போனார். யாருடைய கல்யாணம் என்று தெரியாமலே அழகுபாண்டி சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அவர் பஞ்சர் கடைக்குப் போனார். வெள்ளைத்துரையை ஸ்டூலில் உட்காரவைத்து, நடந்ததை முழுக்கச் சொன்னார். வெள்ளை அட்டை, ரோஸ் அட்டை, இரண்டிலும் இழுத்த ஒரே கோடு, தான் சொன்னது, சொல்லாமல் விட்டது, அன்றைக்குத் தெரியாது என்று சொன்ன பொய், எல்லாம். கடை போனாலும் போகட்டும் என்று சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் டயருக்குக் காற்றடிக்க நின்ற இரண்டு பேரும் கேட்டார்கள். வெள்ளைத்துரை குறுக்கே பேசாமல், ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடியபடியே, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் நிமிர்ந்தார்.

"நீ சொல்றதெல்லாஞ் சரி மாப்ள" என்றார். "ஆனா அன்னைக்கு லேசாக் குடிச்சுமிருப்பான்ல?"

அழகுபாண்டி முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்.